குசினிக் கேள்விகள்: மீனைத் தள்ளி வைக்கும் பிள்ளைகளுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரிக்கப் பிரிக்க மீனாகவே வந்தது. கேட்டவர்கள் வேறு, ஊர் வேறு, கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: பிள்ளை மீன் தின்கிறதில்லை, என்ன செய்யலாம்? ஒரு பக்கம் முல்லைத்தீவுக் கடல், இன்னொரு பக்கம் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் இரவில் பாணும் சீனியும் கேட்கிறார்கள் என்றால் எனக்கு மனம் கேட்கவில்லை. முப்பது வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். அதற்கு முதல் கரைவலை இழுத்த வீட்டில் பிறந்தவள். இம்முறை பக்கம் முழுவதும் மீனுக்கே.

கேள்வி: ரீச்சர், நான் கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீட்டுக்கு வர ஆறு மணியாகிவிடும். மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. குழம்பு மீனை இருவரும் தொடுவதில்லை. "மணக்குது, முள்ளு" என்கிறார்கள். பொரித்தால் கொஞ்சம் தின்பார்கள். ஆனால் எண்ணெயில் மூழ்கப் பொரிக்க நேரமும் இல்லை, எண்ணெய் விற்கிற விலையில் மனமும் வரவில்லை. அரை மணிக்குள் முடிகிற மீன் சாப்பாடு ஒன்று சொல்லுங்கள்.
ஒரு தாய், திருநகர்

பதில்: பிள்ளை, முதலில் உங்கள் பிள்ளைகள் சொல்வதை நம்புங்கள். மணக்குது, முள்ளு என்பது சாட்டு இல்லை. வெடுக்கும் முள்ளும் இல்லாத ஒரு துண்டை முன்னால் வைத்துப் பாருங்கள். அதற்கும் வேண்டாம் என்றால் பிறகு மற்றதை யோசிக்கலாம்.

மீனைத் தெரிவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வெள்ளைச் சதை மீன் வாங்குங்கள்: விளைமீன், கொடுவா, கலவாய், சீலா. இப்படியான மீன்களின் சதையில் கொழுப்பு குறைவு, அதனால் மணமும் மெல்லியது. பாரையும் சரி, பக்கவாட்டில் ஓடும் சிவந்த சதையை அறுத்து எடுத்துவிட்டால். சூரையும் சூடையும் அருமையான மீன்கள்தான். ஆனால் கறுத்த சதையும் நெய்யும் உள்ளவை. மீனுக்குப் பழகாத நாக்கை அவற்றில் தொடக்க வேண்டாம். சந்தையில் மீன் வெட்டுகிற தம்பியிடம் "குழம்புக்கு" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள், முள்ளோடு குறுக்கே வெட்டித் தந்துவிடுவார். "நடு முள்ளுக்கு இரண்டு பக்கமும் சதையாக வழித்துத் தாங்கோ, தலையும் முள்ளும் வேறையாக" என்று கேளுங்கள். ஒரு கிலோ மீனில் நானூறு கிராம் அளவு சதை தேறும். தலையும் முள்ளும் மறுநாள் சொதிக்கு உதவும்.

வீட்டுக்கு வந்ததும் சதையின் மேல் விரலை வைத்துத் தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கம் மெதுவாக ஓட்டுங்கள். நடுக்கோட்டில் சின்ன முள்கள் விரலில் இடறும். சிறிய குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்துவிடுங்கள். சின்னவன் பக்கத்தில் நின்றால் அவனுடைய விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இல்லை என்று நீங்கள் நூறு தரம் சொல்வதைவிட அவன் தொட்டுப் பார்ப்பது மேல்.

சரி, இனி நேரத்தைப் பார்ப்போம். சதையை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக்கி, நானூறு கிராமுக்கு முக்கால் தேக்கரண்டி உப்புத் தடவி ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் புட்டை அவிய வைக்கலாம், தேங்காய் துருவலாம். திரும்பி வந்து பார்த்தால் மீனின் மேல் வியர்வை மாதிரி நீர் பூத்திருக்கும். அந்த நீர்தான் உங்கள் இரவுச் சாப்பாட்டைக் கெடுக்கிறது. பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு எடுத்து, மீனின் இரண்டு பக்கத்தையும் அழுத்தி அழுத்தித் துடையுங்கள். கையால் தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. என்னிடம் மீன் சமைக்கப் படித்த பிள்ளைகள் எல்லோரிடமும் நான் பிடிவாதமாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான். தண்ணீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. மீனின் மேல்புறம் ஈரமாக இருக்கும் வரை அதுவும் 100 பாகையிலேயே நிற்கும். அவியுமே தவிர முறுகாது. பொன்னிறமும் வாசமும் வர 140 பாகையாவது வேண்டும். ஈர மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அது காய்ந்து முறுகும் வரை காத்திருந்தால், அதற்குள் உள்ளே இருக்கிற சதை தும்பு தும்பாகிவிடும். பிள்ளைகள் வாயில் வைத்துத் துப்புவது அதைத்தான்.

துடைத்த மீனில், புட்டுக்கென்று வறுத்து வைத்திருக்கும் அரிசி மாவில் இரண்டு மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி மஞ்சள், கொஞ்சம் மிளகுதூள் கலந்து மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். கறித்தூள் போடாதீர்கள். எங்கள் தூள் ஏற்கனவே வறுத்து இடித்தது. சூடான சட்டியில் கருகிக் கைக்கும். மீனே கைக்கிறது என்றுதான் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

தட்டையான சட்டியை அடுப்பில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு அப்படியே கிடந்து கொதித்தால் சூடு போதாது. முத்து மாதிரி உருண்டு ஓடினால் சரி. (நொன்ஸ்டிக் சட்டியை இப்படி வெறுமையாகச் சூடாக்க வேண்டாம். அதற்கு முதலிலேயே எண்ணெய் விட்டு நடுத்தர நெருப்பில் வையுங்கள்.) இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் போதும். மீனை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து வையுங்கள், எண்ணெய் கையில் தெறிக்காது. வைத்ததும் தட்டகப்பையால் 10 வினாடி மெதுவாக அழுத்துங்கள். தோல் சுருங்கி மீன் வளைவதை அது தடுக்கும். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிளறவும் வேண்டாம், தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். துண்டின் ஓரத்தைக் கவனியுங்கள். பச்சையாகக் கண்ணாடி மாதிரி இருந்த சதை கீழிருந்து வெள்ளையாகி வரும், வயலில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை ஏறியதும் ஒரே ஒரு தரம் திருப்புங்கள். விரல் தடிப்புத் துண்டுக்கு முதல் பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் ஒன்றரை நிமிடம். முள்ளுக்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். நடுவில் இன்னும் கண்ணாடியாக இருந்தால் அரை நிமிடம் கூட வையுங்கள்.

பிள்ளைகளின் துண்டுகளை முதலில் போட்டு எடுத்துவிடுங்கள். பெரியவர்களின் துண்டுகளை அதன் பிறகு போட்டு, இறக்குகிற நேரம் தனி மிளகாய்த்தூள் தூவலாம். ஒரே சட்டி, இரண்டு காரம்.

சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒட்டியிருப்பதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். கருகிய மா இருந்தால் மட்டும் துடைத்துவிட்டு, அதிலேயே நறுக்கிய வெண்காயம், கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய் ஒன்று போட்டு வதக்கி, இரண்டாம் பாலை விட்டுச் சுரண்டிக் கொதிக்க விடுங்கள். முதற்பால் விட்டு ஒரு கொதி வரும் முன் இறக்குங்கள். இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப்புளி, அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரையும். புட்டுக்கு அந்தச் சொதி, பக்கத்தில் மீன். ஆறேகாலுக்குத் தொடங்கினால் ஏழு மணிக்கு முன் தட்டில் இருக்கும்.

கேள்வி: ரீச்சர், மனைவி குவைத்தில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் சமைக்கிறேன். மீன் பொரித்தால் தோலும் மாவும் சட்டியோடு போய்விடுகிறது, தட்டுக்கு வருவது உதிர்ந்த சதை. "அம்மா பொரிச்ச மாதிரி இல்லை" என்று மகள் எழும்பிப் போய்விடுகிறாள். சட்டியை மாற்ற வேண்டுமா?
ஒரு தந்தை, பரந்தன்

பதில்: தம்பி, சட்டி வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். பச்சை மீன், சூடு போதாத உலோகத்தில் பட்டதும் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடம் காய்ந்து முறுகினால் தானாகவே விட்டுவிடும். திருப்பப் போகும்போது தட்டகப்பைக்கு எதிர்ப்புக் காட்டினால், மீன் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அரை நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். நீங்கள் பயத்தில் அவசரப்பட்டுச் சுரண்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் தொடக்கத்தில் செய்வதுதான். மேலே திருநகர்த் தங்கச்சிக்குச் சொன்னபடி துடைத்து, சட்டியைக் காய வைத்து, ஒரு தடவைக்கு மூன்று துண்டுக்கு மேல் போடாமல் செய்யுங்கள். சட்டி நிறையப் போட்டால் சூடு இறங்கி, மீன் விடுகிற நீரிலேயே மீன் அவியும். சத்தமே காட்டிக்கொடுக்கும்: நல்ல சூட்டில் ஒரே சீராக "ஸ்ஸ்" என்று கேட்கும், நீர் விட்டால் சளசளவென்று கொதிக்கிற சத்தம் வரும். வீட்டில் பழகிய இரும்புத் தோசைக்கல் இருந்தால் அதிலேயே செய்யலாம். எனக்கு அதைவிட நல்ல மீன் சட்டி இதுவரை அமையவில்லை.

உங்கள் மகள் சொன்னதைப் பற்றியும் ஒரு சொல். அம்மா பொரித்த மாதிரி இல்லை என்பது மீனைப் பற்றிய முறைப்பாடு மட்டும் இல்லை. இன்று இரவு மனைவியோடு கதைக்கும்போது ஃபோனை மகளிடம் கொடுத்து, "அம்மா, மீனுக்கு என்னென்ன போடுவீங்கள்?" என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். பெருஞ்சீரகத்தை இடித்துப் பூசினாரோ, உள்ளி தட்டிப் போட்டாரோ, அது அம்மாவுக்குத்தான் தெரியும். அவள் கேட்டு எழுதியதை வைத்து இருவருமாகச் செய்யுங்கள். அவளை மாப் பூச விடுங்கள்.

கேள்வி: கடல் மீன் எங்கள் பக்கம் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும், விலையும் கூட. குளத்து யப்பான் மீன்தான் உயிரோடு கிடைக்கும். ஆனால் சேற்று மணம் என்று வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. அதிலும் இப்படிச் செய்யலாமா?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாகச் செய்யலாம். எனக்கு யப்பான் மீனில் ஒரு தனிப் பிரியம். திலாப்பியா என்பது அதன் பெயர். ஆபிரிக்க மீன், 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. வந்த நாளிலிருந்து எத்தனை வீட்டு அடுப்புக்கு அது புரதம் கொடுத்திருக்கிறது! வெள்ளைச் சதை, நுண்முள் குறைவு, பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சேற்று மணத்தின் கதையைக் கேளுங்கள். காய்ந்து கிடந்த வயலில் முதல் மழை விழும்போது ஒரு மண்வாசனை எழும்பும் அல்லவா, அதற்குக் காரணமான பொருள்தான் இந்த மீனிலும் இருக்கிறது. ஜியோஸ்மின் என்பார்கள். மண்ணிலும் குளத்துப் பாசியிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மழை நேரத்தில் நாங்கள் மூச்சு இழுத்து ரசிக்கிற அதே வாசம் மீனில் வந்தால் சேறு என்கிறோம். மிகமிகச் சிறிய அளவு இருந்தாலும் மூக்கு பிடித்துவிடும். குளம் வற்றிப் பாசி பிடித்திருக்கும் ஆவணி, புரட்டாதியில் கூடுதலாகத் தெரியும்.

அது கொழுப்பில் போய்ச் சேர்கிற பொருள். ஆகவே கொழுப்புள்ள இடங்களை எடுத்துவிடுங்கள்: தோல், வயிற்றோரச் சதை, பக்கவாட்டுச் சிவப்புச் சதை. வயிற்றுக்குள் கறுப்பாக ஒட்டியிருக்கும் சவ்வை உப்பு வைத்துத் தேய்த்து முழுவதும் உரித்துவிடுங்கள். பலர் அவசரத்தில் விடுவது இதைத்தான். பிறகு ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு தேசிக்காய் பிழிந்து அல்லது பழப்புளி கரைத்து, சதையை 15 நிமிடம் ஊற வைத்துக் கழுவுங்கள். புளி ஜியோஸ்மினை உடைக்கும். ஊறிய மீன் இன்னும் ஈரமாக இருக்கும், ஆகவே இரண்டு துணி எடுத்துத் துடையுங்கள்.

கடல் மீனுக்கு மட்டும் புளியைக் கடைசியில் வையுங்கள். கடல் மீனின் வெடுக்கு வேறு சாதி. மீன் பழுதாகத் தொடங்கும்போது உண்டாகிற ஆவி. தேசிக்காய்ப்புளி அதை எழும்பவிடாமல் பிடித்து வைக்கும். சாப்பிடும் நேரம் பிழிந்தாலே போதும். புளியில் நெடுநேரம் ஊறினால் கடல் மீனின் சதை நெருப்புக் காணாமலே வெளுத்து, பொரிக்கும்போது வறண்டுபோகும். புது மீனாக இருந்தால் வெடுக்கே இராது. மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டியோடு வருகிறவரிடம் வாங்கும்போது செவுளைத் தூக்கி ஒரு தரம் மணந்து பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: மீன் முள் தொண்டையில் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வது சரியா?
வாசகர், மாங்குளம்

பதில்: சரியில்லை. நான் என் பிள்ளைக்கே செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

1999இல் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். இளையவனுக்கு அப்போது ஆறு வயது. சூடை மீன் குழம்பு. விளக்கு வெளிச்சம் போதாது, முள் பார்த்துக் கொடுக்கிற பொறுமையும் அன்று என்னிடம் இருக்கவில்லை. சிக்கியது என்று அழுதான். என் அம்மா எனக்குச் செய்ததைப் போல நானும் சோற்றை உருட்டி உருட்டி அவன் வாயில் திணித்தேன். மூன்றாவது உருண்டையோடு எச்சிலில் இரத்தம் தெரிந்தது. சோறு முள்ளை இறக்கவில்லை, இன்னும் ஆழமாகக் குத்தி இறக்கியிருக்கிறது. சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டொக்டர் லைட் பிடித்து எடுத்த முள் என் நகத்தின் நீளம்கூட இல்லை. அதன் பிறகு இரண்டு வருடம் அவன் மீனைத் தொடவில்லை. நான் கட்டாயப்படுத்தவும் இல்லை, எனக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

சிக்கினால் இருமச் சொல்லுங்கள், கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். குத்து நிற்காவிட்டால் விரலை உள்ளே விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால், எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: என் பேரனுக்கு நான்கு வயது. மீன் துண்டை விரலால் தள்ளித் தள்ளித் தட்டின் ஓரத்துக்குக் கொண்டு போவான். 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளனில் அவனுடைய அம்மாவை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். அதைச் சொல்லிச் சொல்லி ஏசுகிறேன். ஏசிய பிறகு எனக்கே அழுகை வருகிறது. மகளும் "அவனை விடுங்கோ அம்மா" என்கிறாள். நான் செய்வது பிழையா?
அம்மம்மா, புதுக்குடியிருப்பு

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். நானும் அந்த வரிசையில் நின்றவள். பிறகு செட்டிகுளம் முகாமில் பருப்பும் சோறும் வாங்க நின்ற வரிசையும் எனக்குத் தெரியும். மீனை ஒதுக்குகிற அந்தச் சின்ன விரலைக் கண்டால் உங்களுக்கு நெஞ்சு கொதிப்பதில் பிழை இல்லை. எனக்கும் கொதித்திருக்கிறது. ஆனால் அந்தப் பசி அவன் பட்டது இல்லை, அவன் தட்டில் அதை வைக்காதீர்கள். அவன் அந்தக் கதையைக் கட்டாயம் கேட்க வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பிறகு, உங்கள் பக்கத்தில் படுத்திருந்து கேட்கட்டும். இப்போது சோற்றுக்கு முன்னால் வைத்துச் சொன்னால், மீன் என்றாலே அம்மம்மாவின் கண்ணீர் என்று அவன் மனதில் பதிந்துவிடும்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டுக்குப் பயப்படுவது பிள்ளைகளின் இயல்பு. கண்டதையெல்லாம் வாயில் வைக்காமல் காக்கிற பயம் என்று சொல்வார்கள். அது போகப் பழக்கம் வேண்டும். ஒரே சாப்பாட்டைப் பத்துப் பதினைந்து தடவை கண்ட பிறகுதான் சில பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளும். நாங்கள் மூன்றாம் தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று கைவிடுகிறோம், இல்லாவிட்டால் ஏசுகிறோம்.

என் பேரனும் இப்படித்தான். வெள்ளியும் வற்றாப்பளைப் பொங்கல் நாட்களும் போக, வாரத்தில் இரண்டு இரவு மீன் வைப்பேன். அவன் தட்டில் என் சின்னவிரல் நகத்தின் அளவு ஒரு துண்டு, அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில். சாப்பிடு என்று சொல்வதில்லை. சாப்பிட்டால் பிஸ்கட் தருவேன் என்று சொல்வதும் இல்லை. அப்படிச் சொன்னால் பிஸ்கட்தான் பெரிது என்று நாங்களே படிப்பிக்கிறோம். நானும் அவனுடைய அம்மாவும் எங்கள் மீனைச் சாப்பிட்டுக்கொண்டு வேறு கதை கதைப்போம். பல நாள் துண்டு அப்படியே கிடந்தது. ஒரு நாள் எடுத்து மணந்து பார்த்துவிட்டு வைத்தான். இன்னொரு நாள், நல்லாக முறுகியிருந்த மேல்பக்கத்தை மட்டும் நகத்தால் உரித்து, வாயில் வைத்து, கறுமுறுவென்று கடித்தான். வெள்ளைச் சதையைத் தட்டில் விட்டுவிட்டான். என் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் காலால் தட்டினேன். அடுத்த முறை அவனுக்கு மட்டும் துண்டை மெல்லியதாக வெட்டி, இரண்டு பக்கமும் முறுக வாட்டிக் கொடுத்தேன். முறுகலை உரிக்க முடியாமல் முழுவதையும் தின்றான்.

உங்கள் மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். "அவனை விடுங்கோ" என்கிறவள் அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவள், அக்கா. அவளுக்கும் அது நினைவிருக்கும்.

கேள்வி: சூரை மீன் சாப்பிட்டு அரை மணியில் மகனின் முகமும் கழுத்தும் சிவந்து அரித்தது. வெள்ளை மீன் கொடுத்துப் பார்க்கலாமா?
தாய், விசுவமடு

பதில்: டொக்டரிடம் காட்டும் வரை எந்த மீனும் வேண்டாம். இரண்டு காரணம் இருக்கலாம். சூரை, சூடை போன்றவை பிடித்த பிறகு வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, சாப்பிட்டவருக்குச் சிவந்து அரிக்கும். அப்படியானால் குற்றம் அந்த நாள் மீனில், பிள்ளையின் உடம்பில் இல்லை. மற்றது உண்மையான மீன் ஒவ்வாமை. அது வெள்ளை மீனுக்கும் வரும், சில வேளை கடுமையாக வரும். அன்று அந்த மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் அரித்ததா என்று நினைவுபடுத்தி டொக்டரிடம் சொல்லுங்கள், அது அவருக்கு உதவும்.

கேள்வி: ரீச்சர், எனக்குப் பதினான்கு வயது. அம்மா பின்னேரம் வேலைக்குப் போனால் தம்பிக்கு நான்தான் சமைப்பேன். எங்கள் வீட்டில் விறகு அடுப்புத்தான். காஸ் இல்லாமல் இப்படி மீன் வாட்ட முடியுமா?
மாணவி, முள்ளியவளை

பதில்: முடியும் பிள்ளை. நான் பழகியதும் விறகில்தான். காஸ் அடுப்பில் திருகிக் குறைக்கலாம், விறகில் இழுத்துக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் சின்ன விறகு வைத்து நல்லாக எரிய விட்டு, தோசைக்கல்லைக் காய வை. மீனைப் போட்டு ஒரு நிமிடம் போனதும் எரிகிற கொள்ளியை வெளியே இழுத்துவிடு. மிச்சத்தைத் தணல் பார்த்துக்கொள்ளும். சுவாலை கல்லின் ஓரத்தால் மேலே ஏறினால் எண்ணெய் பற்றும், அதனால் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் விடாதே. தற்செயலாகப் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் ஒரு மூடியால் மூடு, அந்த மூடியை முதலே பக்கத்தில் எடுத்து வை. தொங்குகிற சால்வையோடு அடுப்புக்கு முன்னால் இருக்காதே, தலைமயிரைக் கட்டிக்கொள். தம்பியை அடுப்புக்கு எட்டாத தூரத்தில் இருத்தி, தேசிக்காயை உருட்டச் சொல்லு. உருட்டினால் சாறு கூட வரும், அவனுக்கும் ஒரு வேலை.

அம்மாவின் பங்கை மூடி வைத்துவிடு. மற்றது, முதல் துண்டைத் தம்பிக்கு வைக்காமல் நீ பிய்த்துச் சாப்பிட்டுப் பார். முள் இருக்கிறதா, உப்புச் சரியா என்று தெரியும். சுடச்சுட இருக்கிற முதல் துண்டு சமைத்தவளுக்கு.